அதிபருக்குப் பிரியாவிடை விருந்து: இந்தியன் ரெஸ்டோரன்டில் சைவமும் அசைவமும் ஒரே மேசையில் சரிவருமா?

கொழுந்துக்கூடை (ஹட்டன்)

வணக்கம் உறவுகளே. எங்கள் பாடசாலை அதிபர் இந்த மாதக் கடைசியோடு ஓய்வு பெறுகிறார். ஸ்டாஃப் எல்லோரும் சேர்ந்து ஒரு சனிக்கிழமை நுவரெலியா போய்ப் பகல் சாப்பாடு கொடுப்பதாக முடிவு. பதினெட்டுப் பேர், ஒரு வேன். இந்தியன் சாப்பாடுதான் வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே பேச்சு. அதோடு ஒற்றுமை முடிந்தது.

அதிபர் சுத்த சைவம், முட்டைகூட இல்லை. அவரைப் போல இன்னும் மூன்று பேர். சங்கீத டீச்சர் அந்த நேரம் விரதத்தில் இருப்பார், வெங்காயம் பூண்டும் சேர்க்க மாட்டார். விஞ்ஞான சேர் ஹலால் பார்ப்பவர். சிங்களம் படிப்பிக்கிற மிஸ் மாட்டிறைச்சி தொட மாட்டார், மற்றது எல்லாம் சரி. மிச்சம் இருப்பது இளைய பட்டாளம். "நுவரெலியா வரைக்கும் போய் பன்னீர் சாப்பிட்டுவிட்டு வருவதா?" என்று அவர்கள் நிற்கிறார்கள். பட்டர் சிக்கனும் மட்டன் பிரியாணியும் இல்லாவிட்டால் காசு தரமாட்டார்களாம். ஏற்பாடு செய்கிற பொறுப்பு என் தலையில்.

முழுச் சைவக் கடைக்குப் போவதா, இரண்டும் உள்ள இடத்துக்குப் போவதா? இரண்டும் உள்ள இடம் என்றால் சைவக்காரர்கள் நிம்மதியாகச் சாப்பிட என்ன பார்க்க வேண்டும்? பில்லை எப்படிப் பிரிப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பண்டாரவளை அக்கா

விருந்து யாருக்கு தம்பி? அதிபருக்கு. அவர் சைவம். சைவக் கடைக்குப் போங்கள். இதில் கேட்க என்ன இருக்கிறது?

டயகம பொடியன்

அக்கா, சைவம் சாப்பிடுகிறவர் இரண்டும் உள்ள கடையில் சாப்பிடலாம். இறைச்சி சாப்பிடுகிறவருக்குச் சைவக் கடையில் என்ன கிடைக்கும்? இரண்டு பக்கத்துக்கும் வழி இருக்கும்போது ஒரு பக்கத்தை ஏன் அடைக்க வேண்டும்?

பண்டாரவளை அக்கா

அங்கே தோசை கிடைக்கும், சோலே பட்டூரா கிடைக்கும், மசாலா வடை கிடைக்கும். ஒரு வேளை கோழி இல்லாவிட்டால் உயிர் போய்விடாது. வெள்ளிக்கிழமை வீட்டில் அம்மா மரக்கறி சமைத்தால் சாப்பிடாமலா எழும்புகிறீர்கள்?

டயகம பொடியன்

வெள்ளிக்கிழமை இரவு 12 மணிக்கு மேல் முட்டை ரொட்டி தேடிப் போகிற ஆள் நான். 🙂

அடுப்படி (கண்டி)

கொழுந்துக்கூடை, நான் இந்தியன் ரெஸ்டோரன்ட் குசினிகளில் வேலை செய்தவன். முதலில் கொழும்பு, பிறகு கண்டி. எந்தக் கடை என்பதை அப்புறம் பார்ப்போம். குசினிக்குள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் நீங்களே முடிவு எடுத்துக்கொள்வீர்கள். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வட இந்தியச் சாப்பாடு போடுகிற இடங்களில் காலையிலேயே இரண்டு மூன்று கிரேவி செய்து வைத்துவிடுவோம். வெங்காயமும் தக்காளியும் வதக்கி அரைத்தது ஒன்று. முந்திரி போட்ட வெள்ளைக் கிரேவி ஒன்று. தக்காளி, பட்டர், கிரீம் சேர்த்த மக்கனி ஒன்று. ஓடர் வந்த பிறகு அந்த மக்கனியில் பன்னீர் விழுந்தால் பன்னீர் பட்டர் மசாலா, தந்தூரில் சுட்ட கோழி விழுந்தால் பட்டர் சிக்கன். ஆகவே ஒழுங்கான இடத்தில் அடிக் கிரேவி சைவமாகத்தான் இருக்கும். அவசரத்துக்குச் சிக்கன் கியூப் கரைத்து ஊற்றுகிற இடமும் உண்டு. அதனால் "கிரேவியில் சிக்கன் ஸ்டொக் அல்லது கியூப் சேர்ப்பீர்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். "இது வெஜ்தானே?" என்று கேட்காதீர்கள். அதற்கு எந்த வெயிட்டரும் "ஓம்" என்றுதான் சொல்வார்.

கரண்டி அடுத்த விஷயம். சனி, ஞாயிறு பகல் நெரிசலில் ஒரே கரண்டி எல்லாச் சட்டிக்கும் போகும். சைவத்துக்குத் தனிச் சட்டியும் தனிக் கரண்டியும் வைக்கச் சொல்ல வேண்டும். அதையும் அன்றைக்குப் போய்ச் சொன்னால் நடக்காது. முதல் நாளே சொல்லி வையுங்கள்.

தந்தூர் அடுப்பு பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். நடுவில் கம்பியில் கோழி தொங்கும், சுவரில் நாண் ஒட்டும். கொழுப்பு கரியில் சொட்டி வருகிற புகையில்தான் நாணும் வேகிறது. சிலருக்கு அது பரவாயில்லை, சிலருக்கு மனம் ஒப்பாது. ஒப்பாதவர்கள் தவாவில் போட்ட சப்பாத்தி, இல்லாவிட்டால் பூரி எடுப்பது நல்லது. நாண் மாவில் முட்டை போடுகிற இடங்களும் உண்டு, அதையும் கேட்க வேண்டும்.

பொரியல் எண்ணெய்தான் யாரும் நினைக்காத இடம். மேசையில் உட்கார்ந்ததும் வருகிற பப்படம் எந்த எண்ணெயில் பொரிந்தது? மீனும் கோழியும் பொரித்த அதே தாச்சியாக இருந்தால், சைவக்காரருடைய முதல் வாயே போய்விட்டது.

பிரியாணியில்தான் உண்மையான தில்லுமுல்லு. ஆட்டிறைச்சி போட்டு தம் வைத்த அண்டாவில் மேல் சோற்றை அள்ளி, அவித்த கரட், போஞ்சி, பட்டாணி கலந்து "வெஜ் பிரியாணி" என்று கொடுத்ததை என் கண்ணாலே பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் பீஸ் இல்லாத பிரியாணிச் சோற்றைக் குஸ்கா என்று பெயர் சொல்லியே விற்பார்கள். வாங்குகிறவருக்கும் அது பெரும்பாலும் இறைச்சி அண்டாச் சோறு என்று தெரியும். இங்கே அதையே மரக்கறி என்று தள்ளுவதுதான் குற்றம். "வெஜ் பிரியாணிக்குத் தனியாகத் தம் போடுகிறீர்களா?" என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் வெயிட்டர் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தால், ஜீரா ரைஸ் ஓடர் பண்ணுங்கள்.

நல்ல செய்தியும் உண்டு. பன்னீருக்குப் பயப்பட வேண்டாம். பாலைத் தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ விட்டுத் திரித்துத்தான் செய்வது. வெளிநாட்டுச் சீஸ் சிலவற்றில் சேர்கிற கன்றுக்குட்டி வயிற்று நொதி இதில் இல்லை.

தலவாக்கலை வாசகன்

அடுப்படி சொன்ன மக்கனிக்கு ஒரு துணைக்கதை. பட்டர் சிக்கனைக் கண்டுபிடித்தது யார் என்று டில்லி உயர் நீதிமன்றத்தில் 2024இல் வழக்குப் போட்டார்கள். மோதி மஹால் ரெஸ்டோரன்ட் ஒரு பக்கம், தரியாகஞ்ச் ரெஸ்டோரன்ட் மறுபக்கம். வழக்கு கோழிக்கு மட்டும் இல்லை, பட்டர் போட்ட பருப்பான தால் மக்கனிக்கும் சேர்த்துத்தான். உங்கள் இளைய பட்டாளத்துக்கும் அதிபருக்கும் ஒரே குசினியிலிருந்து பங்கு வருவது புதுப் பழக்கம் இல்லை என்று சொல்லலாம்.

இந்தியாவில் பொதி செய்த சாப்பாட்டுச் சாமானில் சைவம் என்றால் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பல கடைகளின் மெனுவிலும் அதே அடையாளத்தைப் பார்க்கலாம். இங்கே மெனுவில் பச்சை இலைப் படம் இருந்தால் அது பிரின்ட் அடித்தவருடைய அலங்காரமாகவும் இருக்கலாம். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மாத்தளை மருமகள்

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து மாத்தளையில் வாழ்க்கைப்பட்டவள். பிறந்ததிலிருந்து மச்சம் சாப்பிட்டதில்லை. இவருடைய வீட்டில் எல்லோரும் சாப்பிடுவார்கள். ஆகவே இந்தக் கலப்பு மேசையில் எனக்கு நல்ல பழக்கம்.

அடுப்படி அண்ணா சொன்னது எல்லாம் சரி. ஆனால் எங்களுடைய பெரிய கவலை கரண்டியும் இல்லை, புகையும் இல்லை. சாப்பாடு காணாமல் போவதுதான்! எப்போதும் நடக்கிற கதையைச் சொல்கிறேன். பத்துப் பேர் உட்காருவோம். இறைச்சி நாலு வகை, சைவத்துக்கு ஒரு பன்னீர், ஒரு பருப்பு. "சைவம் இரண்டு பேர்தானே" என்று கணக்குப் போட்டு ஓடர் பண்ணுவார்கள். பன்னீர் டிக்கா வரும், எட்டுத் துண்டு. மச்சான் "ருசி பார்க்க ஒன்று" என்பார். அவருடைய தங்கச்சி ஒன்று. பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று. பிளேட் என் பக்கம் வரும்போது குடைமிளகாயும் கரியான வெங்காயமும் மட்டும் இருக்கும். அவர்கள் கோழியும் சாப்பிடுவார்கள், என்னுடைய பன்னீரையும் சாப்பிடுவார்கள். நான் அவர்களுடைய கோழியைச் சாப்பிட முடியாது. கடைசியில் "ஐயோ, உங்களுக்கு ஒன்றும் இல்லையே, ஒரு ஃப்ரைட் ரைஸ் சொல்லவா?" என்று கேட்பார்கள். எல்லோரும் கை கழுவிய பிறகு அது வரும். உள்ளே முட்டை இருக்கும்.

சைவம் எத்தனை பேர் என்று எண்ணி மரக்கறி ஓடர் பண்ணாதீர்கள். பதினெட்டுப் பேருக்கும் மரக்கறி சொல்லுங்கள். இறைச்சியைத்தான் தலை எண்ணிச் சொல்ல வேண்டும்.

அடுப்படி (கண்டி)

தங்கச்சி சொன்னதற்கு நூற்றுக்கு நூறு. பெரிய மேசைக்கு நாங்களும் அப்படித்தான் சொல்லிக் கொடுப்போம். பருப்பு, பன்னீர், ஒரு உலர்ந்த மரக்கறி, ரைத்தா எல்லாம் முழு மேசைக்கும். இறைச்சி பாதி மேசைக்கு. அசைவம் சாப்பிடுகிறவனும் நாணோடு தால் இல்லாமல் சாப்பிட மாட்டான்.

இன்னொன்று விட்டுவிட்டேன். இந்தியன் ரெஸ்டோரன்ட் என்றாலும் இங்கே பாதி மெனு சைனீஸ்தான். சூப்பில் கோழி ஸ்டொக் இருக்கும், ஸ்வீட் கோர்ன் சூப் உட்பட. கோபி மஞ்சூரியனில் ஒயிஸ்டர் சொஸ் விடுகிற ஆள் உண்டு. மரக்கறி ஃப்ரைட் ரைஸிலும் மரக்கறிக் கொத்திலும் "முட்டை வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லாவிட்டால் முட்டை விழும். கொத்துக்கு ஊற்றுகிற குழம்பு பெரும்பாலும் கோழிக் குழம்பு. பக்கத்தில் வைக்கிற சம்பலில் மாசிக் கருவாடு இருக்கும். பொல் சம்பல், கட்ட சம்பல், சீனி சம்பல், மல்லுங் எதுவாக இருந்தாலும் மாசித் தூள் போட்டதா என்று கேட்காமல் தொடக்கூடாது. டெசர்ட்டில் வட்டலப்பம் முழுக்க முட்டை. அதிபருக்குக் குல்பி அல்லது குலாப் ஜாமுன் சொல்லுங்கள்.

முனியாண்டி பேரன் (மஸ்கெலியா)

எல்லோரும் சைவக்காரருக்கு எப்படிப் பணிவிடை செய்வது என்றே எழுதுகிறீர்கள். எங்கள் தோட்டத்தில் கிடா வெட்டாமல் முனியாண்டிக்குப் பூசை இல்லை. தீபாவளிக்கு ஆட்டிறைச்சி இல்லாத லயம் இல்லை. அப்புறம் எப்போதிருந்து கவுச்சி என்றால் மூக்கைப் பிடிக்கிற பழக்கம் வந்தது? சைவம் சுத்தம், மற்றவன் அசுத்தம் என்று பந்தியில் தள்ளி உட்கார வைத்த காலம் எங்கள் தாத்தாவுக்கு ஞாபகம் இருக்கிறது. அதே கதை இப்போது "தனிக் கரண்டி, தனிச் சட்டி" என்று வருகிறதோ என்று ஒரு சந்தேகம்.

மாத்தளை மருமகள்

> சைவம் சுத்தம், மற்றவன் அசுத்தம்

நான் அப்படிச் சொல்லவில்லை அண்ணா. என் பிள்ளைகளுக்குக் கோழிக்கறி சமைத்துக் கொடுக்கிறவள் நான், ருசி பார்க்காமலே உப்புச் சரியாக இருக்கும். தனிக் கரண்டி கேட்பது ஆளைத் தள்ளி வைக்க இல்லை. வயிறு பழகவில்லை, அவ்வளவுதான். ஆனால் நீங்கள் சொல்கிற பந்தி நடந்தது உண்மை. அதை நான் மறுக்கமாட்டேன், எங்கள் ஊரிலும் நடந்தது.

கொழுந்துக்கூடை (ஹட்டன்)

பேரன் அண்ணா, உங்கள் கோபம் விளங்குகிறது. எங்கள் அதிபர் அந்த ரகம் இல்லை. ஸ்டாஃப் ரூமில் நாங்கள் நெத்தலிக் கருவாடு திறந்து வைத்துச் சாப்பிடும்போது அதே மேசையில் தன் புளிச்சோற்றைச் சாப்பிடுவார். ஒரு நாளும் எழும்பி யன்னலைத் திறந்தது இல்லை. அதனால்தான் இந்த ஒரு நாளாவது அவர் யோசிக்காமல் சாப்பிடட்டும் என்று பார்க்கிறேன்.

முனியாண்டி பேரன் (மஸ்கெலியா)

அப்படிப்பட்ட மனிதர் என்றால் தனிச் சட்டி என்ன, தனிக் குசினியே கேளுங்கள். ஆனால் பொதுவாக நான் சொன்னது சொன்னதுதான்.

அக்குறணை நானா

ஹலால் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் வந்தேன். இந்தியன் ரெஸ்டோரன்ட் எல்லாம் ஹலால் என்று நினைக்கிறவர்கள் அதிகம், அப்படி இல்லை. இறைச்சி எங்கே வாங்குகிறார்கள், பன்றி இறைச்சி அதே குசினியில் சமைக்கிறார்களா என்று கேட்க வேண்டும். ஹோட்டலோடு சேர்ந்த ரெஸ்டோரன்ட் என்றால் பெரும்பாலும் பார் இருக்கும். எங்களில் சிலர் குடிக்கிற மேசை இருக்கிற இடத்தில் உட்காரமாட்டார்கள், சிலர் கணக்கெடுக்க மாட்டார்கள். உங்கள் விஞ்ஞான சேர் எந்த ரகம் என்று அவரிடமே கேளுங்கள். அவருக்காக நீங்களே முடிவு எடுக்க வேண்டாம்.

வேடிக்கை என்ன என்றால், சைவக் கடை என்றால் எங்களுக்கு ஒரு கேள்வியும் இல்லை. கண்டிக்குக் குடும்பத்தோடு வந்தால் டீ.எஸ். சேனநாயக்க வீதியில் பாலாஜி தோசைக்குப் போய் நெய்த் தோசை சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவோம். இறைச்சி விரும்பி சாப்பிடுகிற ஆட்கள்தான் நாங்கள். ஆனால் வெளியே போனால் சைவக் கடையில்தான் பயம் இல்லை. பண்டாரவளைத் தங்கச்சி பக்கம் என் ஓட்டு.

பண்டாரவளை அக்கா

நானா வாழ்க! நுவரெலியாவிலும் அம்பாள் என்று ஒரு கடை இருக்கிறது, சைவம்தான். இளைய பட்டாளம் வரும் வழியில் எங்கேயாவது கொத்து வாங்கி வேனில் சாப்பிடட்டும்.

டயகம பொடியன்

பிரியாவிடை விருந்து முடிந்து வேனுக்குள் ஒளிந்து கொத்து சாப்பிடுவதா? அதுவும் அதிபர் முன் சீட்டில் இருக்கும்போது? அக்கா, மனச்சாட்சியோடு பேசுங்கள்.

கணக்கப்பிள்ளை (பதுளை)

பில் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆளுக்குச் சமமாகப் பிரித்தால் ரொட்டியும் தயிரும் சாப்பிட்ட சங்கீத டீச்சர் மட்டனுக்குக் காசு கட்டுவார். ஒவ்வொருவரும் தின்றதை எழுதிக் கணக்குப் பார்த்தால் விருந்து தேயிலை நிறுக்கிற இடம் மாதிரி ஆகிவிடும். நாங்கள் ஒபிஸில் செய்வது இது: பொது ஐட்டம் எல்லாம், அதாவது சோறு, நாண், பருப்பு, பன்னீர், குடிக்கிறது, ஒரு கூட்டுத்தொகை. அதை எல்லோரும் பிரிப்பது. இறைச்சி ஐட்டம் தனிக் கூட்டுத்தொகை. அதை இறைச்சி சாப்பிட்டவர்கள் மட்டும் பிரிப்பது. அதிபர் விருந்தாளி, அவருடைய பங்கை மற்றவர்கள் ஏற்பது.

சேர்விஸ் சார்ஜ் 10 வீதமும் வற் வரியும் பில்லின் அடியில்தான் வரும், பல இடங்களில் மெனு விலையில் சேர்ந்திருக்காது. வற் 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். இரண்டும் சேர்ந்தால் மெனு விலைக்கு மேல் கால்பங்கைத் தாண்டும். அந்தத் தொகையையும் இரண்டு கூட்டுத்தொகைக்கும் ஏற்றபடி பகிர வேண்டும். இல்லாவிட்டால் சைவக்காரர் மட்டனுக்குக் காசு கட்டாமல் மட்டனின் வரியைக் கட்டுவார். விலை உங்களுக்குச் சொன்னபடி வரி சேர்ந்ததா, சேராததா என்று புக் பண்ணும்போதே கேட்டு, ஆளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே காசை வாங்கிவிடுங்கள். சாப்பிட்ட பிறகு கேட்டால் எல்லோரும் போன் பார்ப்பார்கள்.

டயகம பொடியன்

எங்களில் சிலர் இறைச்சியும் சாப்பிடுவோம், பன்னீரும் நிறையச் சாப்பிடுவோம். இரண்டு பக்கமும் கட்டச் சொல்கிறீர்கள். சரி, நியாயம்தான்.

தலவாக்கலை வாசகன்

திகதியைப் பாருங்கள். அந்தச் சனி போயாவாக, அதாவது பௌர்ணமி விடுமுறையாக இருந்தால் மது விற்பனை இல்லை, இறைச்சிக் கடைகளும் மூடியிருக்கும். ரெஸ்டோரன்ட் முதல் நாள் வாங்கி பிரிட்ஜில் வைத்ததைத்தான் சமைக்கும். ஏப்ரல் சீசன் என்றால் நுவரெலியாவை மறந்துவிடுங்கள், கிரெகரி வாவிப் பக்கம் வேனைத் திருப்பக்கூட முடியாது.

கொழுந்துக்கூடை (ஹட்டன்)

நன்றி எல்லோருக்கும். இரண்டு நாளாக வேலை, இப்போதுதான் வர முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அதிபரிடமே கேட்டேன். நானா சொன்ன மாதிரி அவருக்காக நானே ஏன் யோசிக்க வேண்டும்? அவர் சிரித்தார். "எனக்காக ஒருத்தரும் வாயைக் கட்ட வேண்டாம். ஆனால் கோழிக் கறிச் சட்டியை என் பிளேட்டுக்கு மேலால் கை மாற்றாதீர்கள், அது மட்டும் எனக்கு ஆகாது" என்றார். இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட எனக்கு இது தெரியாது. விஞ்ஞான சேர் தனக்கு மரக்கறியே போதும், ஹலால் விசாரிக்கிற அலைச்சல் வேண்டாம் என்றார். சிங்கள மிஸ்ஸுக்கு எல்லாம் ஓகே.

போயா இல்லை, பார்த்துவிட்டேன். இரண்டும் சமைக்கிற ஒரு இடத்துக்குப் போன் பண்ணினேன். கடையின் பெயர் வேண்டாம். எடுத்தவர் மெனேஜர். அடுப்படி அண்ணா எழுதிக் கொடுத்த கேள்விகளை அப்படியே கேட்டேன். கிரேவிக்கு ஸ்டொக் போடுவதில்லை என்றார். நாணில் முட்டை இல்லை, பால்தான். வெஜ் பிரியாணிக்குத் தனித் தம்மா என்றேன். கொஞ்சம் மௌனம். "சேர், அன்றைக்கு மரக்கறி புலாவ் எடுங்களேன், அதைத் தனியாகச் செய்து தருகிறோம்" என்றார். உண்மையைச் சொன்ன மனிதர். உடனே புக் பண்ணிவிட்டேன்.

நீள மேசையாகப் போடச் சொன்னேன். ஒரு முனையில் இறைச்சி, மறுமுனையில் அதிபர், நடுவில் இரண்டும் சாப்பிடுகிறவர்கள். மரக்கறி முழு மேசைக்கும் வரும். இறைச்சி நடுப் பகுதியைத் தாண்டாது. பில் கணக்கப்பிள்ளை சொன்ன முறை, காசு இந்த வாரமே வாங்குகிறேன்.

பண்டாரவளை அக்கா

மேசைக்கு எல்லை போட்டாகிவிட்டது! அதிபர் பெருந்தன்மைக்காரர், அதனால் அப்படிச் சொன்னார். நான் இன்னும் சைவக் கடை என்றுதான் சொல்வேன். அவர் வேண்டாம் என்று சொல்வாரா, யோசித்துப் பாருங்கள்.

மாத்தளை மருமகள்

அக்கா, சில நேரம் எனக்காக எல்லோரும் சைவக் கடைக்கு வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தோசையைப் பிய்ப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சாப்பாடு இறங்காது. அதைவிட அந்த முனையில் அவர்கள் சந்தோஷமாக மட்டன் சாப்பிட்டால் எனக்கு நிம்மதி. ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

கொழுந்துக்கூடை, பரிமாறுகிற கரண்டி ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒன்று கேளுங்கள். நடுவில் உட்காருகிறவர்கள்தான் ஆபத்தான ஆட்கள், கோழிக் கரண்டியைப் பருப்புக்குள் வைப்பார்கள். முடிந்தால் சைவப் பக்கத்துக்குப் பருப்பும் பன்னீரும் தனியாக ஒரு செட்.

டயகம பொடியன்

அடுப்படி அண்ணா, எங்கள் பக்கத்துக்கு என்ன சொல்வது? மட்டன் ரோகன் ஜோஷா, பட்டர் சிக்கனா? காசு இரண்டுக்கும் பத்தாது போல.

அடுப்படி (கண்டி)

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம் தம்பி, அதை மறக்காதே. ஆட்டுக் கொழுப்பு அந்தக் குளிரில் பத்து நிமிடத்தில் மேலே வெள்ளையாக உறைந்து நிற்கும், பேச்சு நடக்கிற நேரம் ருசி போய்விடும். பட்டர் சிக்கன் எடுங்கள். மட்டன்தான் வேண்டும் என்றால் பேச்சு, மாலை போடுவது எல்லாம் முடிந்த பிறகு கொண்டு வரச் சொல்லுங்கள், அடியில் சின்ன அடுப்பு வைத்த சட்டியில். நாணும் அப்படித்தான். பதினெட்டையும் ஒரே நேரத்தில் போடச் சொன்னால் கடைசி ஆள் தோல் மாதிரி இழுப்பார். நாலு நாலாக வரட்டும்.

கொழுந்துக்கூடை (ஹட்டன்)

சங்கீத டீச்சருக்குத்தான் இன்னும் ஒன்றும் சரிவரவில்லை. வெங்காயம் பூண்டு இல்லாமல் என்ன கிடைக்கும் என்று மெனேஜரிடம் கேட்டேன். "சலட்" என்றார். விருந்தில் வெள்ளரிக்காய் கொறித்துக்கொண்டு உட்கார வைக்க மனம் வரவில்லை.

அடுப்படி (கண்டி)

அவரைக் குறை சொல்ல முடியாது. காலையில் செய்து வைத்த கிரேவிகளில் பெரும்பாலும் வெங்காயமோ பூண்டோ இருக்கும், சாம்பாரிலும் இருக்கும். தயிர்ச் சோறு கேளுங்கள். அது குசினியில் ஐந்து நிமிட வேலை, எந்த அடிக் கிரேவியும் வேண்டாம். கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்தால் போதும், தாளிக்கும்போது பழக்கத்தில் வெங்காயத்தை அள்ளிப் போடாமல் இருக்கச் சொல்லி எழுதியே கொடுங்கள். அதோடு உருளைக்கிழங்கைச் சீரகம் போட்டு வதக்கிய ஜீரா ஆலு. அதையும் வெங்காயம் பூண்டு இல்லாமல் தனியாகச் செய்யலாம். தவா சப்பாத்தி இரண்டு. இவ்வளவும் இருந்தால் டீச்சர் நிறைவாகச் சாப்பிடுவார். மெனுவில் இல்லாத சாமான் என்பதால் முதல் நாள் சொல்ல வேண்டும். சனிக்கிழமை பகல் 12.30க்குச் சொன்னால் குசினியில் திட்டு விழும்.

அக்குறணை நானா

தயிர்ச் சோறு என்றால் விஞ்ஞான சேருக்கும் ஒரு பிளேட் சேர்த்துச் சொல்லுங்கள். பதினெட்டுப் பேருக்குள் இரண்டு பேருக்கு மட்டும் ஸ்பெஷலாக வந்தால் மிச்சப் பேர் எட்டிப் பார்ப்பார்கள், அதனால் நாலாகச் சொல்லுங்கள்.

கொழுந்துக்கூடை (ஹட்டன்)

நாலு எழுதிவிட்டேன் நானா. வெள்ளிக்கிழமை பின்னேரம் மெனேஜருக்கு மறுபடி போன் பண்ணுகிறேன்.